கோயில் வாசல் வரைக்கும் வந்து நிக்கிறவங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் உங்க பேப்பர்ல ஒரு வாசகர் எழுதியிருந்தார், கிறிஸ்தவத்துக்குப் போறவங்க எல்லாம் சலுகைக்கும் காசுக்கும்தான் போறாங்க, அந்தக் காலத்துல கோதுமையும் பால்பவுடரும் குடுத்து இழுத்தாங்க இப்ப வேற மாதிரி இழுக்குறாங்கன்னு. அவருக்கு பதில் எழுதலாம்னுதான் பேனாவ எடுத்தேன், ஆனா ஒரு பக்கம் எழுதி முடிச்சதும் இத நான் எழுத வேண்டியது அவருக்கு இல்ல, எங்க ஆளுங்களுக்குன்னு தோணிருச்சு. ஏன்னா நான் என் வாழ்க்கையில அதிகமா பாத்தது அவர் சொல்றதுக்கு நேர் எதிர். இயேசுவ மனசார நம்பி, ஜெபம் பண்ணி, பைபிள் வாசிச்சு, அப்புறமும் ஞானஸ்நானம் வாங்க முடியாம பத்து வருஷம் இருபது வருஷமா வாசல்லயே நிக்கிறவங்கள நான் நிறைய பாத்திருக்கேன். சலுகைக்காக வர்றவன் இப்படி வாசல்ல நிக்க மாட்டான்.

நான் ரிட்டயர்டு வாத்தியார். தூத்துக்குடி மாவட்டத்துல தேரிக்காட்டுப் பக்கம் ஒரு கிராமம். அஞ்சு தலைமுறையா கிறிஸ்தவங்க, சண்டே ஸ்கூல் எடுத்திருக்கேன், சேகர கமிட்டியில (சபை நிர்வாகக் குழுவுல) இப்பவும் இருக்கேன். இதெல்லாம் பெருமைக்குச் சொல்லல, அடுத்து நான் சொல்லப்போற குத்தத்துல எனக்கும் பங்கு இருக்குன்னு சொல்றதுக்காகத்தான்.

எங்க கோயிலுக்கு, அதாவது சர்ச்சுக்கு, வெளிய ஒரு வேப்பமரம் நிக்குது. அதுக்கடியில ஒருத்தர் எனக்குத் தெரிஞ்சு இருபது வருஷமா ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து உக்காருறார். டிவிஎஸ் வண்டியில பொண்டாட்டிய கொண்டாந்து எறக்கி விடுவார், அந்த அம்மா கிறிஸ்தவக் குடும்பத்துல பொறந்தவங்க, அவங்க உள்ள போயிருவாங்க, இவர் கல்லு மேல உக்காந்துக்குவார். முன்னாடியெல்லாம் பொண்டாட்டிக்காகக் காத்துக்கிட்டு இருக்கார்னுதான் நான் நெனச்சேன். ஒருநாள் பிந்தி வந்ததால வெளியவே நிக்க வேண்டியதாப் போச்சு, அப்பத்தான் கவனிச்சேன். குழாய் ஸ்பீக்கர்ல பாட்டு வந்தா வாய் அசையுது, ஒரு அடி கூடத் தப்பல. விசுவாசப்பிரமாணம் சொல்றப்ப எந்திரிச்சு, தோள்ல கிடந்த துண்ட எடுத்து கையில புடிச்சுக்கிட்டு, உள்ள நிக்கிறவங்க மாதிரியே நேரா நிக்கிறார். காணிக்கை எடுக்குற நேரம் ஒரு பத்து ரூபாய் நோட்ட நாலா மடிச்சு, அங்க விளையாடிட்டு இருந்த சின்னப் பையன் கையில குடுத்து உள்ள அனுப்புறார். உள்ள ஃபேன் காத்துல உக்காந்து காணிக்கை வர்ற நேரத்துல போன பாக்குற எங்க ஆளுங்களையும் இவரையும் நெனச்சுப் பாத்தேன், எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிருச்சு.

அன்னைக்கு ஆராதனை முடிஞ்சு அவர்கிட்ட போய்க் கேட்டேன், உள்ள வரலாம்லன்னு. "வரலாம் சார். வந்துட்டா அப்புறம் திரும்பிப் போக முடியாதுல்ல"ன்னு சொன்னார். இத நல்லா கவனிங்க. அவருக்கு இது ஏனோதானோ விஷயம் கிடையாது. கலப்பையில கை வச்சவன் திரும்பிப் பாக்கக்கூடாதுன்னு இயேசு சொன்னத எங்கள விட அவர் சீரியஸா எடுத்திருக்கார், அதனாலதான் இன்னும் கை வைக்கல.

அப்புறம் பழகப் பழக ஒவ்வொண்ணா சொன்னார். முதல் தடை மகளோட சாதி சர்டிபிகேட். இத வெளியில இருக்கவங்க கேலியா பேசுவாங்க, அதனால கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். 1950-ல ஜனாதிபதி போட்ட பட்டியல் சாதிகள் உத்தரவுல மூணாவது பாரா இருக்கு, அதுப்படி இந்து மதத்துல இருந்தாத்தான் எஸ்சி. 1956-ல சீக்கியர்களச் சேத்தாங்க, 1990-ல பௌத்தர்களச் சேத்தாங்க, கிறிஸ்தவங்களையும் முஸ்லிம்களையும் இன்னைய வரைக்கும் சேக்கல. பழங்குடிகளுக்கு இந்த மதக் கணக்கே கிடையாது, அவங்க எந்த மதத்துக்குப் போனாலும் எஸ்டிதான். நம்ம தமிழ்நாட்டுல ஆதிதிராவிடர் ஒருத்தர் கிறிஸ்தவரானா பிசி லிஸ்டுக்குப் போயிருவார். எஸ்சி ஒதுக்கீடு 18 சதவீதத்துல இருந்து வெளிய வந்து, பிசி ஒதுக்கீடு 26.5 சதவீதத்துல எத்தனையோ சாதிகளோட, நிலமும் கடையும் படிப்பும் தலைமுறையா இருக்குற வீட்டுப் பிள்ளைங்களோட போட்டி போடணும். போதாததுக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துப் பாதுகாப்பும் போயிரும். ஞானஸ்நானம் வாங்கின மறுநாள்ல இருந்து ஊர்ல இவர சாதி பேர் சொல்லி திட்டாமயா இருக்கப் போறாங்க? டீக்கடையில இவர் சாதி மாறாது, தாலுகா ஆபீஸ்ல மட்டும் மாறிடும்.

மத்திய அரசு போட்ட ரங்கநாத் மிஸ்ரா கமிஷன் 2007-லயே இந்த மத நிபந்தனைய எடுக்கணும்னு சொல்லிருச்சு. 2023 ஏப்ரல்ல நம்ம சட்டசபையிலயும் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்பினாங்க. 2024 நவம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு புதுச்சேரி பொண்ணு கேஸ்ல தீர்ப்பு குடுத்துச்சு, ஞானஸ்நானம் வாங்கியிருக்கு, தவறாம சர்ச்சுக்கும் போகுது, வேலைக்காக மட்டும் இந்துன்னு சொன்னா அது அரசியல் சட்டத்த ஏமாத்துற வேலைன்னு. அந்தத் தீர்ப்பு வந்த வாரம் எங்க கோயில்ல பின்வரிசையில பாதி பெஞ்சு காலி. ரெண்டு மூணு பேர் ஐயரவாள் (எங்க போதகர்) வீட்டுக்கே போய் ரெஜிஸ்டர்ல எங்க பிள்ளைங்க பேர் இருக்கான்னு கேட்டுட்டு வந்தாங்க. நீதிபதிகள் சட்டத்த வச்சு சொன்னாங்க, எனக்கு அதுல சொல்ல ஒண்ணுமில்ல, இருக்குற சட்டம் அப்படி. ஆனா ஒரு மனுஷன் தன்னோட ஆத்துமாவுக்கும் மகளோட நர்சிங் சீட்டுக்கும் நடுவுல ஒண்ண எடுன்னு சொல்ற நிலைமைய கவர்மெண்ட் உண்டாக்கி வச்சிருக்கு, அதுல அவன் மகள எடுத்தா அவன கோழைன்னு சொல்றதுக்கு எனக்கு நாக்கு வரல.

ரெண்டாவது தடை அவங்க அம்மா. எண்பது வயசத் தாண்டின கிழவி. இவர் மூத்த மகன், கொள்ளி வைக்க வேண்டியவர். "எனக்கு நீ கொள்ளி வைக்க மாட்டியாலே"ன்னு அந்தக் கிழவி ஒரே ஒரு தடவதான் கேட்டாளாம், அதோட இவர் ஞானஸ்நானப் பேச்சையே எடுக்கல. இத சில பிரசங்கியார்மாருங்க ரொம்ப ஈசியா பேசிட்டுப் போயிருவாங்க, தகப்பனையும் தாயையும் விட்டுட்டு வரணும்னு மேடையில கைய வீசி. அவங்க யாரும் தாய விட்டுட்டு வந்தவங்க இல்ல, தாய் மடியிலயே ஞானஸ்நானம் வாங்கினவங்க. தாய நேசிக்கிறது ரட்சிப்புக்கு எதிரின்னு நான் நம்பல, சிலுவையில தொங்குறப்பயும் தன்னோட அம்மாவ ஒரு சீஷன்கிட்ட ஒப்படைச்சவர்தான் நம்ம ஆண்டவர். அந்த அம்மாகிட்ட உக்காந்து பொறுமையா பேச, உங்க மகன் கிறிஸ்தவனானா உங்களக் கைவிட மாட்டான்னு சொல்ல, எங்க சபையில இருந்து இந்த இருபது வருஷத்துல ஒருத்தர் அந்த வீட்டுக்குப் போனதில்ல. நானும் போகல.

மூணாவது தடையத்தான் அவர் ரொம்ப நாள் சொல்லல. ஒரு மழைக்காலத்துல அவர் வண்டி ஸ்டார்ட் ஆகாம நின்ன அன்னைக்கு, ரெண்டு பேரும் கோயில் திண்ணையில ஒதுங்கி நின்னப்ப கேட்டார். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. நான் ஞானஸ்நானம் வாங்கி, நாளைக்கு செத்துப் போறேன்னு வச்சுக்கோங்க. என்னை உங்க கல்லறைத் தோட்டத்துல எங்க வைப்பீங்க?"

எனக்கு பதில் தெரியும். அதான் பேச முடியல. எங்க கல்லறைத் தோட்டத்துல சுவரு கிடையாது, வேலி கிடையாது, நடுவுல ஒரு உடைமர வரிசை மட்டும் நிக்குது. வடக்க ஒரு சாதி ஆளுங்க, தெக்க ஒரு சாதி ஆளுங்க. யாரும் எழுதி வைக்கல, யாரும் தீர்மானம் போடல, ஆனா குழி வெட்டுறவர்கிட்ட யாரும் எந்தப் பக்கம்னு சொல்ல வேண்டியதே இல்ல. எங்க ஊர் மட்டும்தான் இப்படின்னு நெனச்சா பரவால்ல. திருச்சி மேலப்புதூர் கல்லறையில நடுவுல சுவரே எழுப்பி வச்சிருந்தது பேப்பர்ல எல்லாம் வந்துச்சு. விழுப்புரம் பக்கம் எறையூர்ல 2008 மார்ச்ல கோயில் விஷயமா ரெண்டு சாதி கிறிஸ்தவங்க மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல ரெண்டு உயிர் போச்சு. கத்தோலிக்கம், சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை)ன்னு இதுல வித்தியாசம் சொல்ல நமக்கு யோக்கியதை இல்ல. 1833-லயே கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள்ள சாதி வித்தியாசம் உடனே ஒழியணும்னு சுற்றறிக்கை அனுப்பினார், அதுக்கு வேப்பேரியிலயும் தஞ்சாவூர்லயும் நிறைய பேர் என்ன செஞ்சாங்க தெரியுமா, சாதிய வச்சுக்கிட்டு கோயில விட்டுட்டுப் போனாங்க. இன்னைக்கு நாங்க அவங்களவிட கெட்டிக்காரங்க, சாதியையும் விடல, கோயிலையும் விடல.

இதுல என் வீட்டுக் கதையையும் சொல்லிடணும். என் தம்பி மகன் தெக்குப் பக்கத்துக் குடும்பத்துல ஒரு பொண்ண விரும்பினான். என்கிட்ட சண்டே ஸ்கூல் படிச்ச பிள்ளை, வசனம் ஒப்பிக்கிறதுல அவள யாரும் ஜெயிச்சதில்ல, ரெண்டு பேரும் ஒரே வருஷம் திடப்படுத்தல் (வளர்ந்தப்புறம் விசுவாசத்த உறுதிப்படுத்துற சடங்கு) எடுத்து ஒரே திருவிருந்துல முட்டி போட்டவங்க. நாங்க பெரியவங்க எல்லாம் உக்காந்து பேசி அந்தக் கல்யாணத்த நிப்பாட்டிட்டோம். நான் பேசல, ஆனா எதிர்த்தும் பேசல, அந்தக் கூட்டத்துல டம்ளர்ல டீ வாங்கிக் குடிச்சிட்டு உக்காந்திருந்தேன். அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு கோயிலுக்கு வரல. விசுவாசத்துல பின்வாங்கிப் போயிட்டான்னு எங்க ஆளுங்க சொல்றாங்க. பிடிச்சுத் தள்ளிவிட்டுட்டு விழுந்துட்டான்னு சொல்ற பேச்சு அது.

தடைன்னா எல்லாமே சட்டமும் சாதியும்தான்னு நான் சொல்ல வரல, மனுஷன் மனசுக்குள்ளயே இருக்குறதும் உண்டு. எனக்குத் தெரிஞ்ச ஒரு லாரி டிரைவர், ஒவ்வொரு நற்செய்திக் கூட்டத்துலயும் கடைசியில கை தூக்குவார், கண்ணீரோட. மறுநாள் சபைக்குக் கூப்பிட்டா, "இந்தக் குடிய மட்டும் விட்டுட்டு வந்துருதேன் சார், இப்படியே எப்படி வர"ன்னு சொல்வார். எட்டு வருஷமா விட்டுக்கிட்டே இருக்கார். குளிச்சிட்டுத்தான் ஆத்துக்குப் போவேன்னு சொல்ற மாதிரி இது. சுத்தமானவங்களுக்குத்தான் ரட்சிப்புன்னு அவருக்கு யார் சொன்னா? மேடையில கிருபை கிருபைன்னு சொல்றோம், ஆனா ஒரு குடிகாரர் உள்ள வந்து உக்காந்தா பெஞ்சுல ரெண்டு பக்கமும் நகர்ந்து உக்காருறோம்ல, அதப் பாத்து அவர் கத்துக்கிட்டது. கிருபைன்னா நம்ம தகுதி பாக்காம அவர் குடுக்குறது, குடியோட வா, வந்தப்புறம் சேந்து விடுவோம், இதத்தான் அந்த ஆளுகிட்ட நான் எட்டு வருஷத்துக்கு முன்னாடியே உக்காந்து சொல்லியிருக்கணும்.

அப்புறம் பொம்பளைங்க. சில சபைகள்ல ஞானஸ்நானத்துக்கு முன்னாடி நகையெல்லாம் கழட்டணும்னு சொல்றாங்க, தாலி முதக்கொண்டு. புருஷன் நம்பாத வீட்டுல ஒரு பொம்பளை தாலியக் கழட்டிட்டு வந்து நின்னா அந்த வீட்டுல அன்னைக்கு ராத்திரி என்ன நடக்கும்னு அந்த பாஸ்டர்மாருங்க யோசிக்கணும். அவ கழுத்துல இருக்குற மஞ்சக்கயிறு இயேசுவுக்குத் தடையா இருந்ததா நான் பைபிள்ல எங்கயும் வாசிக்கல. சுகம் கிடைக்கும், கடன் தீரும்னு வாக்குக் குடுத்து கூட்டிட்டு வந்து, கிடைக்காதப்ப உனக்கு விசுவாசம் பத்தலன்னு சொல்லி அனுப்புறதும் இதே கணக்குதான், அந்த மாதிரி ஒரு தடவ ஏமாந்தவங்க திரும்ப எந்தக் கோயில் படியும் மிதிக்க மாட்டாங்க.

பரம்பரைக் கிறிஸ்தவங்க எங்க பாடு இன்னும் மோசம். எங்களுக்கு சர்டிபிகேட் பயம் இல்ல, அம்மா அழ மாட்டா, ஊர் அடிக்காது, ஒரு தடையும் இல்ல. அதனாலயே நாங்க யாரும் ஒருநாளும் முடிவெடுக்கல. கைக்குழந்தையில தண்ணி ஊத்தினாங்க, பதினாலு பதினஞ்சு வயசுல திடப்படுத்தல் ஆச்சு, கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி, அசனத்துக்குச் சோறு, செத்தா கல்லறையில சிலுவை. நீ இயேசுகிட்ட உன்ன முழுசா ஒப்புக்குடுத்துட்டியான்னு யாராவது கேட்டா எங்களுக்குக் கோவம் வரும். பைபிள்ல அகிரிப்பா ராஜா அப்போஸ்தலர் பவுல்கிட்ட கொஞ்சங்குறைய என்னையும் கிறிஸ்தவனாக்கிருவ போலன்னு சொன்னான்ல, அந்தக் கொஞ்சங்குறைச்சல்ல அவனாவது ஒரு நாள் நின்னான், நாங்க அஞ்சு தலைமுறையா அதுலயே வீடு கட்டிக் குடியிருக்கோம்.

மனசுல நம்பினா போதாதா, ஞானஸ்நானம் எதுக்கு, ரெஜிஸ்டர் எதுக்குன்னு கேக்கலாம். நானே அந்த மரத்தடி மனுஷனுக்கு ஒருதடவ அப்படி ஆறுதல் சொல்லிப் பாத்தேன். அவர் ஒத்துக்கல. "பொண்டாட்டின்னு மனசுல நெனச்சிட்டு ஊருக்குச் சொல்லாம இருந்தா அது என்ன சார் கல்யாணம்"னு கேட்டார். அவர் சொல்றதுதான் சரி. இதயத்துல நம்பி வாயினால அறிக்கை பண்ணணும்னு ரோமருக்கு எழுதினதுல இருக்கு, ரெண்டும் சேந்ததுதான்.

எங்க ஜில்லாவுல அந்தக் காலத்துல இந்தத் தடைக்கெல்லாம் என்ன பண்ணாங்கன்னு கொஞ்சம் திரும்பிப் பாக்கணும். பாளையங்கோட்டையில குளோரிந்தா அம்மா, தஞ்சாவூர்ல இருந்து வந்த பிராமண விதவை, ஒரு ஆங்கிலேய ராணுவ அதிகாரியோட கல்யாணம் ஆகாம வாழ்ந்துட்டு இருந்தாங்கன்னு ஜெர்மன் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் அவங்களுக்கு ஞானஸ்நானம் குடுக்க மறுத்துட்டார். அந்த அதிகாரி செத்தப்புறம் 1778-லதான் குடுத்தார். காத்திருந்த காலத்துலயும் அந்த அம்மா சும்மா இருக்கல, தெரிஞ்சத மத்தவங்களுக்குச் சொல்லிக் குடுத்தாங்க. 1780-ல திருநெல்வேலி சபை ரெஜிஸ்டர்ல இருந்தது நாப்பது பேர். அந்த அம்மா கட்டின கோயில பாப்பாத்தியம்மாள் கோயில்னு இன்னைக்கும் சொல்றோம். அதுக்கப்புறம் நம்ம தேரிக்காட்டுல ஞானஸ்நானம் வாங்கினவங்கள அடிச்சாங்க, வீட்ட எரிச்சாங்க. அடி தாங்க முடியாதவங்களுக்குன்னே நிலம் வாங்கி, 1799-ல முதலூர்னு ஒரு ஊரையே உண்டாக்கினாங்க, உபதேசியார் டேவிட் சுந்தரானந்தம் முன்ன நின்னு. அதப் பாத்து பின்னாடி எத்தன ஊர் வந்துச்சு. நீ இயேசுவுக்காக உன் ஊர இழந்துட்டியா, இந்தா உனக்கு ஒரு ஊருன்னு குடுத்த சபை இது. அந்த ஊர்கள்ல பொறந்து வளர்ந்த எங்ககிட்டத்தான் அந்த மனுஷன் ஒரு ஊர் கேக்கல, நிலம் கேக்கல, ஆறடி குழி எங்கன்னு கேட்டார்.

அன்னைக்கு ராத்திரி யோவான் சுவிசேஷம் பத்தொன்பதாம் அதிகாரத்த எடுத்து வாசிச்சேன், வேற எதுக்காகவோ எடுத்தேன். நிக்கொதேமு இயேசுகிட்ட ராத்திரியில ஒளிஞ்சு வந்தவர்னு நாம எல்லாம் சண்டே ஸ்கூல்ல சொல்லிக் குடுக்குறோம். அரிமத்தியா ஊர் யோசேப்பும் யூதருக்குப் பயந்து ரகசியமா சீஷனா இருந்தவர். பயந்துக்கிட்டு இருந்த இந்த ரெண்டு பேரும் வெளிச்சத்துக்கு வந்தது இயேசுவோட அடக்கத்துக்காகத்தான். ஒருத்தர் நூறு ராத்தல் கந்தவர்க்கத்தத் தூக்கிட்டு வந்தார், இன்னொருத்தர் தனக்குன்னு வெட்டி வச்சிருந்த புதுக் கல்லறைய விட்டுக்குடுத்தார். எத்தன தடவ இத பெரிய வெள்ளிக்கிழமையில வாசிச்சிருப்பேன், எங்க உடைமரம் ஒருநாள் கூட எனக்கு ஞாபகம் வந்ததில்ல.

சட்டத்த மாத்துறது டெல்லி கையில இருக்கு, அதுக்கு நாங்க மனு குடுக்கலாம், ஊர்வலம் போகலாம், போறோம். ஆனா கல்லறைத் தோட்டம் டெல்லி கையில இல்ல. அடுத்த மாசம் சேகர கமிட்டி கூடுது. அந்த உடைமர வரிசைய வெட்டிட்டு, இனிமே வடக்கு தெற்குன்னு இல்லாம, செத்த தேதிப்படி வரிசையா அடக்கம் பண்ணணும்னு தீர்மானம் குடுக்கப் போறேன். இதுவரைக்கும் கையெழுத்துப் போட நாலு பேர் சம்மதிச்சிருக்காங்க. ரெண்டு பேர் வீட்டுக்கே வந்து, உங்க அப்பா கல்லறைக்குப் பக்கத்துல யார வைக்கப் போறீங்கன்னு கேட்டுட்டுப் போயிருக்காங்க. நான் அந்த மரத்தடி மனுஷனத்தான் வைக்கணும்னு சொன்னேன், அவர் நூறு வயசு இருக்கட்டும்.

இத பிரசுரிச்சா என் பேரும் ஊர் பேரும் போட வேண்டாம். எனக்காகப் பயந்து சொல்லல, கமிட்டியில எல்லாருக்கும் நான்தான்னு தெரியத்தான் போகுது. அந்த மனுஷனோட மகளுக்கு இன்னும் சர்டிபிகேட் வாங்க வேண்டியிருக்கு.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
தூத்துக்குடி மாவட்டம்.